ஒரே பீடத்தில் உளியும் ஏடும்

நவராத்திரியின் ஒன்பதாம் நாளன்று நம் இல்லங்களில் நிகழும் காட்சியொன்றை நாம் அனைவரும் அறிவோம். கலைமகளின் திருவுருவத்தின் முன் மாணவர் தம் புத்தகங்களை அடுக்கி வைக்கின்றனர். அதே பீடத்தில் தச்சர் தம் உளியையும், தையற்காரர் தம் கத்தரிக்கோலையும், தோட்டத் தொழிலாளி தம் கவ்வாத்துக் கத்தியையும் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுகின்றனர். ஏடு உயர்ந்தது, கருவி தாழ்ந்தது என்று கலைமகள் வேற்றுமை பாராட்டுவதில்லை. இரண்டுக்கும் ஒரே பூ, ஒரே தீபம். ஆனால் மறுநாள் விசயதசமியன்று பீடத்தை விட்டு இறங்கியதும் ஏடு ஒரு வழியாகவும் உளி வேறொரு வழியாகவும் போய்விடுகின்றன. அடுத்த நவராத்திரி வரையில் அவை ஒன்றையொன்று காண்பதில்லை.

ஆண்டு முழுவதும் இவ்விரண்டும் கூடியிருக்கத்தக்க இடம் ஒன்று ஊரில் உண்டா? உண்டு என்பதே எமது விடை. அதுதான் பொது நூல்நிலையம். பரீட்சைக்குப் படிப்பதற்கும், அன்றாடப் பத்திரிகையைப் புரட்டுவதற்கும் மட்டுமே உரிய இடம் என்று நம்மவர் அதனை எண்ணியிருக்கின்றனர். நம்மைச் சுற்றியுள்ள கலைகளையும் கைவினைகளையும் அறிவதற்கு அது எத்துணைச் சிறந்த வாயில் என்பதை, நம் மலைநாட்டிலேயே நிகழ்ந்த வரலாறொன்றைக் கொண்டு இங்கே எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

நமது பள்ளத்தாக்கு

பல்லேகல என்பதற்குச் சிங்களத்தில் கீழ்க்காடு என்பது பொருள். இன்று அப்பெயரைக் கேட்டதும் பலருக்கும் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிரிக்கெட் மைதானமும் கைத்தொழிற் பேட்டையுமே நினைவுக்கு வரும். ஆயினும் மகாவலி கங்கை வளைந்தோடும் இத்தும்பறைப் பள்ளத்தாக்குக்கு அதனினும் பழைய பெருமை உண்டு. கண்டி மன்னன் வீர நரேந்திரசிங்கன் (1707–1739) அண்மையிலுள்ள குண்டசாலையிலே மாளிகை அமைத்து வாழ்ந்தான். அரசன் வாழும் இடத்தைச் சூழ வினைஞர் குடியிருப்பது உலக வழக்கு.

நத்தரம்பொத்தையில் இன்றும் பித்தளையிலும் வெள்ளியிலும் சித்திர வேலை செய்வோர் உளர். ஹேனவலையில் நார்ப்பாய் நெய்வோர் உளர். ‘ஹண’ என்னும் கற்றாழை போன்ற செடியின் தடித்த இலையைப் பலகையில் வைத்துச் சுரண்டி, சதையை நீக்கி, நாரைக் கழுவி உலர்த்துவர். சிவப்புச் சாயத்துக்குப் பதங்கிக் கட்டையும், மஞ்சளுக்கு மரமஞ்சளும், கறுப்புக்குக் கடுக்காயும் தான்றிக்காயும் அவித்துச் சாறெடுப்பது பழைய முறை. நம் வைத்தியர் மருந்துப் பெட்டியில் இருப்பவை அங்கே சாயப் பானையில் இருக்கின்றன! இச்சாயம் ஏற்றிய நாரைத் தறியிலிட்டு யானை, மான், பறவை, பூ முதலிய உருவங்கள் தோன்ற நெய்வர். தும்பறைப் பாய் என்று நாடெங்கும் பெயர் பெற்றது இதுவே.

ஹுரிகடுவையில் அரக்கு வேலை நடைபெறும். மரத்தைக் கடைசற் பொறியிலே சுழலவிட்டு, வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தின்மீது படரும். பின்னர் ஓலைத் துண்டை அழுத்தித் தேய்த்து மெருகிடுவர். மாத்தளைப் பகுதியில் வேறொரு முறை வழங்குகின்றது. அரக்கை இளக்கி நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தாலே வெட்டிப் பதித்துக் கோலமிடுவர். அங்கே தூரிகையும் இல்லை, கத்தியும் இல்லை. நகமே கருவி.

இவற்றுக்கு அப்பால் தெகல்தொருவைக் குகை விகாரை இருக்கின்றது. கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் தொடங்கி இராசாதி இராசசிங்கன் காலத்தில் நிறைவெய்திய அதன் சுவரோவியங்களில் வெசந்தர சாதகக் கதை முதலியன வரையப்பட்டுள்ளன. ஓவியருள் ஒருவராகிய தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சேயின் பெயரும் நமக்குக் கிடைத்திருக்கின்றது.

இவ்வளவும் நம் வீட்டு வாசலிலிருந்து சிறு பஸ் பயணத் தூரத்தில் இருப்பவை. ஆயினும் உண்மையைச் சொல்லிவிடுகின்றோம். பாடசாலை செல்லும் பஸ்ஸில் நத்தரம்பொத்தையைக் கடக்கும்போதெல்லாம் சுத்தியலின் ‘டிக் டிக்’ ஓசை நம் காதில் விழுந்ததுண்டு. அது உல்லாசப் பிரயாணிகளுக்கான கடை என்பதற்கு மேல் ஒன்றும் நாம் எண்ணியதில்லை. மிஷன் பாடசாலையிலே ஆங்கிலப் புலவர்களின் பிறந்த ஊர்களை மனப்பாடம் செய்தோம். அயலூர்க் கொல்லரின் பட்டடையை எட்டிப் பார்த்தோமில்லை. இதனைப் பாடசாலைமீது குறையாகக் கூறவில்லை. பின்னொரு நாள் நமக்குக் கண் திறந்த நூலை வாசிப்பதற்கு அங்கே கற்ற ஆங்கிலமே துணை நின்றது.

அரசர் காலத்துப் பட்டடைகள்

கண்டி இராச்சியத்தில் கைவினை எவ்வாறு வாழ்ந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அரசனுக்கென ‘பட்டல்ஹதர’ எனப்பட்ட நான்கு பட்டடைகள் இருந்தன. பொன்வாள், ஆபரணம், சிங்காசனம், முடி என்னும் இந்நான்கின் பெயரால் அவை வழங்கின. அவற்றிற் சேர்வது வினைஞருக்குப் பெரும் பேறு. கூலி பணமாகக் கொடுக்கப்படவில்லை. நிலமாகக் கொடுக்கப்பட்டது. வயலை உழுது உண்ணலாம், அதற்கு ஈடாக அரண்மனைக்கோ ஆலயத்துக்கோ உரிய பணியைச் செய்தல் வேண்டும். நம் கோயில்களில் தச்சருக்கும் மேளகாரருக்கும் மானிய நிலம் விடப்பட்டிருந்த முறையை இது ஒத்திருப்பதைக் காண்க. வயிற்றுக்குக் கவலை இல்லாத வினைஞன் ஒரு பெட்டகத்துக்கு ஓராண்டும் செலவிடுவான். அவசரம் அவனுக்கில்லை.

தென்னாட்டுக்கும் இம்மலைநாட்டுக் கலைக்கும் உள்ள உறவு பழையது. 1344ஆம் ஆண்டளவில் எழுந்த கடலாதெனி விகாரையை அமைத்தவர் கணேசுவராச்சாரி என்னும் சிற்பி. கல்லாலான அக்கோயிலின் தூணும் அதிட்டானமும் நம் நாட்டுச் சிவாலயத்தை நினைவூட்டுவன. அதே காலத்ததாகிய இலங்காதிலக விகாரையின் பாறையிலே சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டோர் நாயக்கர் வமிசத்தவர். அவர்களுள் இறுதியானவனாகிய சிறீ விக்கிரம இராசசிங்கன் காலத்தில், தேவேந்திர மூலாச்சாரி என்னும் தலைமைச் சிற்பி கண்டி வாவியையும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபமாகிய பத்திரிப்புவையையும் அமைத்தார்.

இம்மண்டபத்தைப் பற்றி இன்னுமொன்று கூறவேண்டும். அரசன் மக்களுக்குக் காட்சி தந்த அவ்விடம் பின்னாளில் ஓலைச்சுவடிகள் வைக்கும் நூல்நிலையமாயிற்று. சிற்பியின் கைவண்ணமே ஏட்டுக்கு இல்லமாகிவிட்டது. அதன் அண்மையில் வாவிக் கரையிலே அரசியர் நீராடிய உல்பென்கே என்னும் மண்டபமும் ஆங்கிலேயர் காலத்தில் வாசிகசாலையாகப் பயன்பட்டது. கண்டி நகரத்தில் கலையும் நூலும் இவ்வாறு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்திருக்கின்றன.

எழுத்தறியாதவர் அக்காலத்து வினைஞர் என்று எண்ணுதல் பிழை. விக்கிரகங்களின் அளவுகளைக் கூறும் சாரிபுத்திரம், தேவருருவங்களும் விலங்குருவங்களும் இன்னவாறு அமைதல் வேண்டுமெனக் கூறும் ரூபாவலி முதலிய சிற்ப நூல்கள் ஓலைச்சுவடிகளாக அவர்தம் குடும்பங்களிலே வழங்கின. தந்தை சுவடியை மகனுக்குக் கொடுத்தார். உளியையும் கொடுத்தார். இரண்டையும் சேர்த்தே கொடுத்தார் என்பதுதான் இங்கே கவனிக்கத் தக்கது.

வீழ்ச்சி

1815ஆம் ஆண்டு கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. முடியில்லையேல் முடி செய்யும் பட்டடைக்கு வேலையேது? 1832ல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறை ஒழிக்கப்பட்டது. மனிதனைக் கட்டாயத்திலிருந்து விடுவித்த அச்சீர்திருத்தம் நன்றே. ஆயினும் அதனோடு வினைஞனின் வாழ்வுக்கு ஆதாரமாயிருந்த ஏற்பாடும் குலைந்தது. கோயில் நிலங்களில் பழைய ஊழியமுறை தொடர்ந்தமையால், ஆலயங்களை அண்டிய ஊர்களில் சிற்சில தொழில்கள் உயிர் பிழைத்தன.

பின்னர்க் காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தெருக்கள் திறந்தன. 1867ல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. கோப்பி மூட்டைகளை இறக்கிச் சென்ற அவ்வண்டிகள் திரும்பி வரும்போது சீமைத் துணியையும் மலிவான சீமைப் பாத்திரத்தையும் ஏற்றி வந்தன. இங்கே நாம் ஒரு கணம் நிற்றல் வேண்டும். அதே கோப்பியின் பொருட்டுத்தான் நம் பாட்டன்மாரும் தென்னாட்டுக் கிராமங்களை விட்டு இம்மலைக்கு வந்தனர். ஊரைப் பிரிந்த கூலியாளும் தறியை இழந்த நெசவாளனும் ஒரே மாற்றத்தின் இரு பக்கங்கள். ஒருவரையொருவர் அறியாமலே இருவரும் ஒரே காற்றில் அடிபட்ட சருகுகள்.

1882ல் கண்டியக் கலைச் சங்கம் தோன்றி வினைஞரின் பொருள்களை விற்பதற்கு உதவ முன்வந்தது. விற்பதற்கு வழி பிறந்தது. ஆனால் இக்கலைகள் யாவை, எங்கே, எவ்வாறு, யாரால் செய்யப்பட்டன என்று முற்ற எழுதிவைக்க இன்னும் ஒருவர் வந்தாரில்லை. அவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தார். வந்தவர் தமிழர்.

கலாயோகியின் நூல்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை அறியாத இந்து வாலிபர் இருத்தலாகாது. அவர் 1877ஆம் ஆண்டு ஆகத்து 22ஆந் தேதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இவருக்கு மைத்துனர். 1879ல் தந்தையார் காலமாக, குழந்தை இங்கிலாந்திலே வளர்ந்தது. இலண்டனில் நிலநூலும் தாவரநூலும் கற்றுத் தேறிய இவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆராய்ச்சிப் பகுதியின் தலைவராகப் பணியாற்றினார். 1904ல் தோரியனைற்று என்னும் கனிப்பொருளைக் கண்டுபிடித்தவரும் இவரே.

கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தவர் கலையைக் கண்டார். பாறையை ஆராயப் போன இடத்தில் கொல்லனின் உலையையும், குயவனின் சக்கரத்தையும், பாய் நெய்வோரின் தறியையும் கண்டு வியந்தார். அவை நாளுக்கு நாள் அருகி வருவதையும் கண்டு வருந்தினார். 1905ல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதமொன்று எழுதி, பழைய கட்டடங்களைப் பேணவும் வினைஞரை ஆதரிக்கவும் வேண்டினார். அவருடைய துணைவியார் எதெல் அம்மையார் புகைப்படங்கள் எடுத்துத் துணைசெய்தார். அவ்வம்மையார் பின்னாளில் இங்கிலாந்தில் கைந்நெசவிலே பெரும்புகழ் பெற்று, 1916ல் தாவரச் சாயங்களைப் பற்றி நூலொன்றும் வெளியிட்டார்.

இவ்வுழைப்பின் பயனாக 1908ல் வெளிவந்தது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கிலப் பெருநூல். பதினெட்டாம் நூற்றாண்டுவரை வாழ்ந்திருந்த கட்டடம், மரவேலை, தந்தவேலை, ஓவியம், உலோகம், மட்பாண்டம், அரக்கு, நெசவு, பாய் ஆகிய யாவும் அதிலே ஒழுங்காக விரிக்கப்பட்டுள்ளன. வினைஞரின் சமூக நிலை, அவர்தம் நிலவுரிமை, கூலி, சடங்கு என்பனவும் விடப்படவில்லை. மேலே நாம் கூறிய ரூபாவலியையும் சாரிபுத்திரத்தையும் ஆராய்ந்து ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்தியதும் அந்நூலே.

அது அச்சான வரலாறும் சுவையானது. இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸ் (1834–1896) என்னும் பெரியார், இயந்திரப் பொருள்களின் அழகின்மையைக் கண்டு மனம் வெதும்பி, கைவினைக்கு மறுவாழ்வு தேடியவர். 1891ல் கெல்ம்ஸ்கொட் என்னும் அச்சகத்தை நிறுவிக் கையச்சிலே அழகிய நூல்களை வெளியிட்டார். அவர் காலத்துக்குப் பின் அவருடைய அச்சுப்பொறி எசெக்ஸ் இல்ல அச்சகத்தை அடைந்தது. புரோட் கம்டன் என்னும் கிராமத்தில் ஆனந்த குமாரசுவாமி தாமே மேற்பார்வை செய்து, 1907 செப்ரெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை பதினைந்து மாதங்களுக்கு மேலாக அப்பொறியிலேயே தம் நூலைப் பதிப்பித்தார். கைவினையைப் பற்றிய நூலும் கைவினையாகவே பிறந்தது.

பின்னர் அவர் 1917ல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர அரும்பொருட் சாலையிற் சேர்ந்து, 1947 செப்ரெம்பர் 9ஆந் தேதி அந்நாட்டிலேயே காலமானார். ஆடவல்லானின் திருக்கூத்துப் பொருளை மேனாட்டார்க்கு விளக்கிய ‘சிவநடனம்’ 1918ல் நூலாக வெளிவந்தது. உலகம் அவரை அதனாலே பெரிதும் அறியும். நாமோ அவர் முதன்முதலாகக் கலையைக் கற்ற பள்ளிக்கூடம் இம்மலைநாட்டு வினைஞரின் திண்ணை என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

நானூற்று இருபத்தைந்து பிரதிகள்

அந்நூலின் முதற் பதிப்பிலே எத்தனை பிரதிகள் அச்சாயின தெரியுமோ? நானூற்று இருபத்தைந்து. உலகம் முழுவதற்கும் 425 பிரதிகள்! இரண்டாம் பதிப்பு 1956ல் நியூயோர்க்கில் வெளிவரும்வரை நாற்பத்தெட்டு ஆண்டுகள் இவ்வளவே. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை இதனை எவ்வாறு காண்பான்? விலை கொடுத்து வாங்க இயலாது. இரவல் தருவாரும் இல்லை. நூல்நிலையம் ஒன்றே வழி. இன்று மறுபதிப்புகள் உண்டாயினும், விலையைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தை மெல்லத் திருப்பி வைக்கும் நிலையே நம்மில் பலருக்கும்.

நாமும் நூல்நிலையத்திலேதான் இந்நூலைக் கண்டோம். அது வீட்டுக்குக் கொடுக்கப்படாத பகுதியில் இருந்தது. அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். தாளைத் திருப்பும்போது, நாள்தோறும் பஸ்ஸில் கடந்து சென்ற ஊர்களின் பெயர்கள் அச்செழுத்தில் எழுந்து நின்றன. பாடசாலை நாட்களில் கேட்ட சுத்தியல் ஓசைக்குப் பொருள் அன்றுதான் விளங்கிற்று. சில கோலங்களைப் பென்சிலாற் பார்த்து வரைந்துகொண்டு, அடுத்த ஞாயிறு நண்பர் இருவரோடு ஒரு பித்தளைப் பட்டடைக்குப் போனோம்.

அங்கே வயது முதிர்ந்த ஒரு பாஸ் வேலை செய்துகொண்டிருந்தார். நாம் வரைந்த தாளை வாங்கிச் சிறிது தூரத்தே பிடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றாக விரலை வைத்து, “இது லியவெல, கொடி. இது பலாபெத்தி, இதழ் வரிசை. இது ஹங்சபூட்டுவ, பின்னிய அன்னங்கள்” என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனார். நாம் அன்னத்தின் கழுத்தை ஓரிடத்தில் தவறாக வளைத்திருந்தோம். “மல்லி, கழுத்து இங்கே கீழால் போகவேண்டும். மேலால் போனால் பின்னல் அவிழ்ந்துவிடும்” என்று தம் உளியின் நுனியாலே காட்டித் திருத்தினார். ஏட்டிலிருந்து நாம் கொண்டுபோன பிழையை உளி திருத்தியது.

“இதை எழுதியவர் யார்?” என்று கேட்டார். குமாரசுவாமி என்னும் தமிழர், நூறாண்டுக்கு முன் எழுதியவர் என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு கேட்டார்: “நல்லது மல்லி. எங்களுடைய வேலையை உங்களுடைய ஆள் எழுதி வைத்திருக்கிறார். உங்களுடைய ஆட்களின் வேலையை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?”

இக்கேள்விக்கு நாம் அன்று விடை கூறவில்லை. இக்கட்டுரை எழுந்ததே அக்கேள்வியினாலாகும்.

நூல்நிலையத்தில் எவ்வாறு தேடுவது?

விடைக்குப் போகுமுன் நம் இளைஞர்க்குப் பயன்படுவன சிலவற்றைக் கூறிவிடுகின்றோம். நூல்நிலையத் தட்டுகளில் நூல்கள் மனம்போனவாறு அடுக்கப்படுவதில்லை. மெல்வில் தூயி என்னும் அமெரிக்கர் 1876ல் வெளியிட்ட தசம எண் முறைப்படி அடுக்கப்படுகின்றன. அம்முறையில் 700 என்பது கலைகளுக்கு உரியது. அதனுள்ளே செதுக்கு வேலை 736லும், மட்பாண்டம் 738லும், உலோக வேலை 739லும், கைவினை பொதுவாக 745லும், நெசவும் தையலும் 746லும் இருக்கும். கண்டி மாநகர சபையின் டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்தப் பொது நூல்நிலையத்துக்குப் போகிறவர் இவ்வெண்களை நினைவில் வைத்துக்கொண்டால் அரைநாட் தேடல் மிச்சமாகும். கண்டுபிடிக்க முடியாவிடின் நூலகரைக் கேளுங்கள். கேட்பது வெட்கமன்று.

நூலைக் கண்டதும் படத்தைப் பார்த்து மூடிவிடலாகாது. ஊரின் பெயர், தொழிலின் பெயர், கருவியின் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பழைய அரண்மனைப் பகுதியில் அமைந்த கண்டி நூதனசாலைக்குப் போய் அப்பொருளை நேரிற் காண வேண்டும். மூன்றாவதாக வினைஞரிடம் போக வேண்டும். அங்கே கேட்டதை எழுதிக்கொண்டு மறுபடியும் நூலிடம் வர வேண்டும். நூல், பொருள், கை ஆகிய மூன்றையும் சுற்றி வருவதே உண்மையான கல்வி.

சீர்காழியிலே தோன்றி இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் எஸ். ஆர். அரங்கநாதன் (1892–1972), 1931ல் ஐந்து விதிகளை வகுத்தார். நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பதே அவற்றுள் முதல் விதியின் கருத்து. உளிக்கும் அது பொருந்துமல்லவா? பயன்படுத்தாத உளி துருப்பிடிக்கும். பயன்படுத்தாத நூலைச் செல் அரிக்கும்.

எரிந்ததும் எழுந்ததும்

நூல்நிலையம் இருக்கிறது, என்றும் இருக்கும், நாளை போகலாம் என்று எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. யாழ்ப்பாணத்தில் 1933ல் க. மு. செல்லப்பா என்னும் ஆர்வலரின் முயற்சியால் சிறு வாசிகசாலையாகத் தொடங்கியது யாழ். பொது நூல்நிலையம். அதன் புதிய கட்டடத்துக்கு மேற்சொன்ன அரங்கநாதனும் ஆலோசனை கூறினார். 1959ல் கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே 31ஆந் தேதி இரவு தொடங்கிய வன்செயலில் அது எரியூட்டப்பட்டு, ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் போயின. ஆனந்த குமாரசுவாமியின் நூற்றொகுதியும் அத்தீக்கு இரையாயிற்று. மலைநாட்டுச் சிங்கள வினைஞரின் கலையை மறதியிலிருந்து காத்தவரின் ஏடுகளை நெருப்பிலிருந்து காக்க எவராலும் இயலவில்லை. கட்டடம் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டு இன்று வாசகர் நிறைந்திருக்கின்றது. எரிந்த சுவடிகளோ திரும்பவில்லை. வேறெங்கும் படியெடுத்து வைக்கப்படாதது ஒருமுறை எரிந்தால் என்றென்றைக்கும் எரிந்ததே.

இதற்கு மறுபக்கமாக ஓர் ஆறுதலான வரலாறும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோசா முத்தையா (1911–1992) என்பவர் இருந்தார். அவர் பேராசிரியரல்லர். பெயர்ப்பலகை எழுதும் ஓவியத் தொழிலாளி. பழைய நூல், பத்திரிகை, நாடக நோட்டீசு, கலியாண அழைப்பு என்று பிறர் எறிவதையெல்லாம் சேர்த்தார். நூல்கள் மட்டும் ஏறத்தாழ 50,000. அவர் காலமான பின் அத்தொகுதி 1994ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று பல தேசத்து அறிஞரும் அங்கே வந்து கற்கின்றனர். தூரிகை பிடித்த கை ஒரு நூல்நிலையத்தைக் கட்டியது. வினைஞன் வேறு, நூலறிவு வேறு என்பார்க்கு இதனினும் சிறந்த மறுப்பு வேண்டுமோ?

நமது கடன்

இனி அம்முதியவரின் கேள்விக்கு வருவோம். நம்மவரின் வேலையை யார் எழுதி வைத்திருக்கின்றனர்?

கோயிற் சிற்பத்தைப் பற்றியும் செப்புத் திருமேனிகளைப் பற்றியும் கலாயோகியே எழுதியிருக்கின்றார். இலங்கையிற் கிடைத்த செப்புத் திருமேனிகள் பற்றிய அவரது நூல் 1914ல் வெளிவந்தது. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்துத் தந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 2005ல் தொடங்கிய நூலக நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஏடுகளைக் கணினியிலேற்றி எவரும் வாசிக்க வைத்திருக்கின்றது. இவர்களுக்கு நாம் கடப்பாடுடையோம். ஆயினும் லயங்களிலே வாழ்ந்த நம் பாட்டன்மாரின் கைவேலை பெரும்பாலும் ஏடேறாமலே இருக்கின்றது. கொழுந்துக் கூடைக்கு மூங்கிலைப் பிளக்கும் பக்குவம் என்ன? நைலோன் பை வந்தபின் அப்பக்குவம் எத்தனை பேர் கையில் எஞ்சியிருக்கின்றது? தப்புக்குத் தோலை எவ்வாறு பதமிட்டனர், எவ்வாறு சூடுகாட்டினர்? மாசியிலே காமன் கூத்தாடுவோர்க்கு முடியும் புசகீர்த்தியும் கட்டியவர் எவர்? மாரியம்மன் திருவிழாத் தேருக்குச் சோடனை செய்தவர் எவர்? இவற்றையெல்லாம் அறிந்த பெரியோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்கள் ஒவ்வொருவரும் பெயர்ப் பட்டியலில்லாத ஒரு நூல்நிலையம். அந்நூல்நிலையத்துக்குத் தீ வேண்டியதில்லை. முதுமை ஒன்றே போதும்.

ஆதலின் எமது சங்கத்து இளைஞர்க்கு மூன்று காரியங்களை விண்ணப்பிக்கின்றோம். முதலாவது, ஒவ்வொருவரும் பொது நூல்நிலையத்தில் அங்கத்தவராதல் வேண்டும். இரண்டாவது, மாதம் ஒருமுறையேனும் ஒரு கைவினையைப் பற்றி வாசித்து, அதைச் செய்யும் ஒருவரை, அவர் சிங்களவராயினும் தமிழராயினும் முஸ்லிமாயினும், நேரிற் கண்டு வருதல் வேண்டும். மூன்றாவது, தம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் அறிந்த தொழிலைக் கேட்டு, கருவிகளின் பெயரையும் செய்யும் முறையையும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதுதல் வேண்டும். எழுதியதை இரண்டு படியெடுத்து, ஒன்றைச் சங்கத்திலும் மற்றொன்றைப் பொது நூல்நிலையத்திலும் வைப்போமாக. ஓரிடத்தில் அழியினும் மற்றோரிடத்தில் பிழைக்கும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் வந்து கேட்கும்போது, “இதையெல்லாம் அறிந்து உனக்கென்ன, போய்ப் படி” என்று அனுப்பிவிடாதீர்கள். இதுவும் படிப்பே. உங்கள் கை அறிந்ததை அவர்கள் ஏடு அறியட்டும்.

வரும் நவராத்திரியில் நம் சங்க மண்டபத்திலே கலைமகள் பீடத்தை அமைக்கும்போது, அச்சிட்ட நூல்களுக்கும் உளிக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் பக்கத்தில், நம் இளைஞர் கைப்பட எழுதிய அப்பயிற்சிப் புத்தகங்களையும் வைப்போம். பூசை முடிந்ததும் அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு நத்தரம்பொத்தைக்குப் போய், அம்முதிய பாஸுக்கு நாம் கடன்பட்டிருக்கும் விடையைச் சொல்லிவருவோம்.